ஒரே கையில் இரண்டு இஸ்பேட் ஏஸ்

எங்கள் பதிப்பகத்தில் ஒரு புத்தகத்தை எழுத ஒரு ஆள் போதும். அதற்கு அட்டை போட ஏழு பேர் வேண்டும். எழுதுகிறவர் வீட்டு மூலையில் உட்கார்ந்து ஆறு வருடம் எழுதினாலும் ஏன் என்று கேட்க நாதியில்லை. அட்டை என்று வந்துவிட்டால் மட்டும் ஏழு பேரும் சட்டை மடிப்புக் கலையாமல் மூன்றாம் மாடியில் கூடிவிடுவார்கள். அதற்கு அட்டைத் தேர்வுக் குழு என்று பெயர். நான் அந்தக் குழுவில் இல்லை. நான் வெறுமனே அட்டை வரைகிறவன். பதினாறு வருடமாக, ஒப்பந்த ஊழியன்.

குழு கூடும் அறையின் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அது வாசகர் கோடு. கடைக்கு வருகிறவர் ஒன்பது அடி தூரத்திலிருந்துதான் ஒரு புத்தகத்தை முதன்முதலாகப் பார்க்கிறார் என்று தலைவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். ஆகவே ஏழு பேரும் கோட்டில் செருப்பு முனை படும்படி வரிசையாக நின்று, மூன்று நிமிடம் வாய் திறக்காமல் அட்டையைப் பார்க்க வேண்டும். பிறகு அதைத் தலைகீழாக வைத்து இன்னொரு மூன்று நிமிடம். பிறகு ஆளுக்கு ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். 'ஆழம்' என்பார் ஒருவர். 'மிதப்பு' என்பார் இன்னொருவர். ஒருமுறை கணிதப் பாடநூல் அட்டைக்கு ஓர் உறுப்பினர் 'தாகம்' என்றார். பாவம், அவருக்கு உண்மையிலேயே தண்ணீர் வேண்டியிருந்தது. அதற்குள் நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டபடியால், முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு வரைந்து கொடுத்தேன். இன்றும் பிள்ளைகள் அந்தச் சொம்பின் கொள்ளளவைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட இடத்துக்குத்தான் அந்த மனிதர் வந்து சேர்ந்தார். நாங்கள் அவரைச் சீட்டுக்காரர் என்று கூப்பிட்டோம். சீட்டாடுகிறவர் இல்லை. ஒரு கிளப்பில் போக்கர் மேசையில் சீட்டைக் கலைத்துப் போடுகிறவர். முப்பது வருடம் போட்டிருந்தார், ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அவர் மேசையில் கள்ளச் சீட்டு என்ற பேச்சே எழுந்ததில்லை என்று அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். கிளப்பில் மேசையை விட்டு எழும்போது இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கை புறங்கை திருப்பிக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். எதையும் ஒளிக்கவில்லை என்பதற்கு. முதல் கூட்டம் முடிந்து எழுந்தபோது பழக்கதோஷத்தில் எங்களுக்கும் அப்படியே காட்டினார். தலைவர் அதை ஏதோ மரியாதை என்று எண்ணிக்கொண்டு தானும் கையைத் தட்டித் திருப்பிக் காட்டினார். மற்ற ஆறு பேரும் காட்டினார்கள். அன்றிலிருந்து அது குழுவின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் 'எப்போது எழுந்திருப்பது'. போக்கரில் ஜெயிப்பதைவிட, தோற்கப்போகும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோகத் தெரிவதுதான் பெரிய வித்தை என்பது அதன் சாரம். பிரதி என் மேசைக்கு வந்தது. நல்ல கனம். அவரையே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னார். சொல்லி முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. என் வீட்டுக்காரி சொந்தக்காரங்ககிட்ட நான் ஏதோ கம்பெனியில ஸ்டோர் பாக்குறேன்னுதான் சொல்லி வெச்சிருக்கா. முப்பது வருஷமா அதே பொய். அவ அண்ணனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் வாயில என் பேரு சூதாடி. நான் ஒரு சீட்டு ஆடினதில்ல தம்பி."

"இதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே அண்ணே?"

"வாயால சொன்னா யார் நம்புறா? இந்தப் புத்தகம் வந்துச்சுன்னா மேசை மேல வெச்சுக் காட்டலாம். இதுதான் என் வேலை, இப்படித்தான் நாணயமா செஞ்சேன்னு. அவளும் தைரியமா சொல்லிப்பா. அதுக்குத்தான் எழுதினேன்."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. அவருக்காக நான் வரைந்த முதல் அட்டையைப் போல் நல்ல அட்டை நான் வரைந்ததில்லை. பச்சைத் துணி விரித்த மேசை. பின்னுக்குத் தள்ளிய காலி நாற்காலி. அதன் முன் குப்புற வைத்த இரண்டு சீட்டு. அவ்வளவுதான். சீட்டுக்காரர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது என் மேசைதான்" என்றார். "யாரோ இப்பத்தான் புத்தியோட எழுந்து போயிருக்காங்க."

குழு அதை வாசகர் கோட்டில் நின்று ஆறு நிமிடம் பார்த்தது.

"ஆள் எங்க?" என்றார் தலைவர்.

"எழுந்து போயிட்டார் சார். புத்தகமே அதைப் பத்தித்தான்."

"காலி நாற்காலியைப் பார்த்தா சாவு வீடு மாதிரி இருக்கு. அதோட சீட்டைக் குப்புற வெச்சிருக்கீங்க. வாசகர்கிட்ட நாம எதையோ மறைக்கிறோம்னு ஆகாதா?"

விற்பனை மேலாளர் அப்போது ஒரு பை நிறையப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். வேறு பதிப்பகங்களின் போக்கர் புத்தகங்கள், மொத்தம் பதினொன்று. பதினொன்றிலும், காசுக்குப் பதிலாகப் பந்தயம் கட்டும் வட்ட வில்லைகள் ஆகாயத்தில் பறந்தன. ஏழில் நெருப்பு எரிந்தது. ஐந்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆசாமி முறைத்தான். மூன்றில் சிவப்பு கவுன் போட்ட பெண் எதற்கென்று தெரியாமல் சாய்ந்துகொண்டிருந்தாள். எது எந்தப் புத்தகம் என்று மேலாளருக்கே தெரியவில்லை. ஒன்றை இரண்டு முறை வாங்கியிருந்தார்.

"இதுல இருந்து என்ன தெரியுது?" என்று கேட்டார் தலைவர்.

எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் எதுவும் கண்ணில் நிற்கவில்லை என்றுதான் எனக்குத் தெரிந்தது. குழுவுக்கு வேறு தெரிந்தது. நல்ல போக்கர் அட்டை என்றால் இதெல்லாம் இருக்க வேண்டும், நம்முடையதில் ஒன்றுமில்லை, ஆகவே நம்முடையது மோசமான அட்டை.

சீட்டுக்காரர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "சார், வில்லையைத் தூக்கிப் போட்டா எங்க கிளப்புல ஆளை வெளிய அனுப்பிடுவாங்க. மேசையில நெருப்பெல்லாம்…"

"ஆசிரியர் ஆர்வத்தோடு உடன்பட்டார்" என்று குறிப்பில் எழுதச் சொன்னார் தலைவர்.

அடுத்த பதினோரு மாதம் நடந்ததைச் சொன்னால் ஜீரணமாகாது, ஆனாலும் சொல்கிறேன். முதலில் வில்லைகளைப் பறக்கவிட்டேன். பறப்பது போதவில்லை என்றார்கள், இறக்கை வைத்தேன். நெருப்பு வைத்தேன். பச்சைத் துணியில் நெருப்பு என்றால் தீயணைப்புக் கையேடு மாதிரி இருக்கிறது என்று துணியை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு கவுன் பெண் வந்தாள். சீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுல அவ பார்ப்பா சார்" என்றார். அவர் மனத்தைப் புண்படுத்தக் கூடாதென்று பெண்ணை எடுத்துவிட்டுக் கவுனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் அந்தக் கவுன் தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பிறகு மேலாளர் ஒரு ஆய்வறிக்கையோடு வந்தார். சிங்கம் போட்ட புத்தகங்கள் நன்றாக விற்கின்றனவாம். சிங்கத்தைக் கொண்டுவந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி உட்காரவைத்தேன்.

சீட்டுக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இந்தச் சிங்கம் எழுந்திருக்கப் போகுதா, உட்காரப் போகுதா?"

"எனக்கும் தெரியல அண்ணே."

"சீட்டு எதையும் காணோமே?"

"ரெண்டு கூட்டம் முன்னாடி எடுத்துட்டாங்க. சீட்டு இருந்தா சூதாட்டம்னு தப்பா நினைச்சுக்குவாங்களாம்."

அவர் சிரிக்கவில்லை. போக்கரில் சிரிக்காமல் இருக்கப் பழகியவர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தாலாவது குரங்கு என்று சொல்லிக்கொள்ளலாம். இது எதுவாகவும் முடியமாட்டேன் என்றது.

பன்னிரண்டாம் மாதம் நிற ஆலோசகர் என்று ஒரு அம்மையார் நியமிக்கப்பட்டார். வந்த அன்றே சிங்கத்தை நீக்கினார். அந்த ஒன்றுக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. சீட்டு இல்லாமல் சீட்டுப் புத்தகம் எப்படி என்று கேட்டதும் அவர்தான். எனக்கு உயிர் வந்தது. ஒரு கை, அதில் விரித்துப் பிடித்த இரண்டு ஏஸ்: ஒன்று இஸ்பேட், ஒன்று ஹார்ட்டின். வரைந்து வைத்தேன். நாற்காலி அளவுக்கு இல்லையென்றாலும் மானத்தோடு வெளியே போகலாம்.

இந்தக் கட்டத்தில் சீட்டுக்காரர் கூட்டத்துக்கு வருவது நின்றுவிட்டது. கடைசி மூன்று கூட்டங்களில் ஆசிரியர் இருக்கக் கூடாது என்பது குழுவின் விதி. உணர்ச்சிவசப்பட்டு உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசிவிடுவார்களாம்.

ஏழு பேரும் கோட்டில் நின்றார்கள். அம்மையார் மூக்கைச் சுளித்தார். "இந்தச் சிவப்பு இதயம் எனக்கு உறுத்துது. காதல் கதைன்னு நினைச்சு வாங்கிட்டா? இந்தப் பக்கம் கறுப்பு எவ்வளவு கம்பீரமா இருக்கு. ரெண்டையும் இதே மாதிரி போட்டுடுங்க."

"முடியாதுங்கம்மா" என்றேன். "ஒரு கட்டுல இஸ்பேட் ஏஸ் ஒண்ணுதான் இருக்கும். ரெண்டு இருந்தா ஒண்ணு கள்ளச் சீட்டு. பார்க்கிறவங்க எழுதினவரே ஏமாத்துக்காரர்னு நினைப்பாங்க."

எல்லோரும் விற்பனை மேலாளரைப் பார்த்தார்கள். குழுவில் சீட்டைக் கையில் தொட்ட ஒரே ஆள் அவர்தான்.

"யார் சொன்னா ஒண்ணுதான்னு?" என்றார் அவர். "எங்க மாமியார் வீட்டுல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ரம்மி ஆடுறோம். ரெண்டு இஸ்பேட் ஏஸ் என் கையிலேயே எத்தனையோ தடவை வந்திருக்கு."

"சார், ரம்மிக்கு ரெண்டு கட்டைச் சேர்த்துக் கலைப்பாங்க. போக்கருக்கு ஒரே கட்டு."

"ஏன், அவங்களுக்கு இன்னொரு கட்டு வாங்க வக்கில்லையா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ரம்மி ஆடத் தெரிந்தவர் போக்கரே கோணல் என்றார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "உங்க ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியது இந்த மாசம்தானே?"

அன்பாகத்தான் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரும் கையைத் தட்டி உள்ளங்கை புறங்கை காட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

என் இடத்துக்கு வந்து ஹார்ட்டினை அழித்துவிட்டு இஸ்பேடை வரைந்தேன். சீட்டுக்காரரின் எண் என் போனில் இருந்தது. எடுத்தேன், வைத்தேன். விதிப்படி ஆசிரியரிடம் சொல்லக் கூடாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அச்சகத்தில் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். மெய்ப்பு பார்க்கிறவர் அட்டையைப் பார்க்கமாட்டாரா என்று நினைத்தேன். பார்த்தார், எழுத்துப் பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டார். எனக்கு மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாட்டிக்கொள்கிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

வெளியீட்டு விழாவுக்கு இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் கிளப் மேனேஜரும் சீட்டுக்காரரோடு வேலை செய்கிறவர்களும் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் சீட்டுக்காரரின் மனைவி, அவருடைய அண்ணன், இன்னும் ஏழெட்டு உறவினர்கள். அந்த அம்மாள் எல்லோரையும் கூப்பிட்டுவந்திருந்தார். ஸ்டோர் பொய்யை அன்றோடு தலைமுழுகுவதாக ஏற்பாடு.

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். அதில் இதுவும் வந்தது:

"இந்த நூலை நான் படிக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். படித்தவரால் அட்டையைப் பற்றி நடுநிலையோடு முடிவெடுக்க இயலாது. எங்கள் குழுவில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. அந்த அளவுக்கு நாங்கள் நேர்மையானவர்கள். ஆசிரியர் ஆறு வருடம் எழுதினார். ஆனால் தம் வேலையைப் பார்த்துக்கொண்டே எழுதினார். நாங்கள் பதினான்கு மாதம் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. யாருடைய தியாகம் பெரியது என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்."

கைதட்டினார்கள். பிறகு பொதியைப் பிரித்து முதல் பிரதியைச் சீட்டுக்காரர் கையில் கொடுத்துத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். அவர் அதைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் என்ன படம் என்றே பார்த்தார்.

முதல் வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அடுத்தவர் அவரை இடித்துவிட்டுத் தானும் சிரித்தார். வரிசை முழுவதும் குலுங்கியது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. சீட்டுக்காரர் புத்தகத்தை மெதுவாக இறக்கி, மேடை மேசையில் குப்புற வைத்தார். காது மடல் சிவந்துபோயிருந்தது. நான் பக்கவாட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அவருடைய மச்சானுக்கு விளங்கவில்லை. முன்வரிசை ஆளின் தோளைத் தட்டி, என்ன சிரிப்பு என்று கேட்டார். அந்த ஆள் சொன்னார். மச்சான் திரும்பித் தங்கையைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி நிதானமாகச் சொன்னார்:

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே. இப்ப மாப்பிள்ளையே அச்சடிச்சுக் கொடுத்துட்டார்."

அந்த அம்மாள் மேடையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

மறுநாளிலிருந்து கிளப்பில் அவர் மேசையில் உட்காருகிறவர்கள், "அண்ணே, இன்னொரு இஸ்பேட் ஏஸ் எந்தப் பாக்கெட்டுல இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் சட்டைக்குப் பாக்கெட்டே கிடையாது. சீட்டுப் போடுகிறவர்களுக்கு அப்படித்தான் தைப்பார்கள். ஒரு வாரத்தில் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். சீட்டுப் போடுகிறவரைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டால் மேசை கெட்டுவிடும் என்றார். முப்பது வருடம் சீட்டுப் போட்டவரை வாகனம் நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்க அனுப்பினார்கள்.

சீட்டுக்காரர் எங்கள் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். அட்டையைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் புத்தகத்தைத் திரும்பப் பெற வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருந்தார். குழு இரண்டு முறை கூடி விவாதித்தது. அட்டையை மாற்றினால் தப்பு நடந்ததாக ஆகிவிடும். ஒன்றும் செய்யாமல் இருந்தால் அக்கறை இல்லையென்று ஆகிவிடும். கடைசியில் ஒவ்வொரு பிரதிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வைத்தார்கள்: 'பிழைதிருத்தம். அட்டையிலுள்ள இரண்டு இஸ்பேட் ஏஸ்களில் ஒன்றை ஹார்ட்டின் ஏஸ் என்று பாவித்துக்கொள்ளவும்.'

எந்த ஒன்றை என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டார். அதை முடிவுசெய்ய மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது. அது இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில் புத்தகம் விற்றுத் தீர்ந்தது. சீட்டாடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கேலியாகப் பரிசு கொடுக்க வாங்கினார்கள். விற்பனை மேலாளர் தன் கணிப்பு பலித்ததென்று பூரித்துப்போய், அதே அட்டையோடு இரண்டாம் பதிப்புக்கு ஆணை போட்டார். பதிப்பாளர் சங்கம் அந்த வருடத்தின் சிறந்த அட்டை விருதைக் கொடுத்தது. ஒரே முகமுள்ள இரண்டு கறுப்புச் சீட்டுகள் மனிதனின் அகத்தையும் புறத்தையும் குறிப்பதாக நடுவர் குறிப்பில் எழுதியிருந்தார்கள். விருதைத் தலைவர் வாங்கினார். என்னைப் புகைப்படத்தின் ஓரத்தில் நிற்கவைத்தார்கள். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

ஒரு மத்தியானம் சீட்டுக்காரர் என் அறைக்கு வந்தார். டோக்கன் வேலைக்கான நீலச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டைக்கு நான்கு பாக்கெட். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அண்ணி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவ அண்ணன் தன் வீட்டு விசேஷத்துக்கு எங்களைக் கூப்பிடல" என்றார். "சரி, அதை விடுங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி. அந்தக் குழுக்காரங்களுக்குச் சீட்டு தெரியாது. அவங்க மேல எனக்குக் கோபமில்ல. உங்களுக்குத் தெரியும். நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன் அண்ணே."

"எப்ப?"

"வரையும்போதே."

"என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் என் மேசையில் கிடந்த பென்சில்களை ஒரே நீளத்துக்குத் தட்டி அடுக்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எங்க கிளப்புல கள்ளச் சீட்டு வெச்சவனை ஒரு வருஷம் வெளிய நிறுத்துவாங்க. அப்புறம் சேர்த்துப்பாங்க. பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு, தன் ஆட்டம் கெட்டுடுமேன்னு சும்மா இருந்தவனை மட்டும் சேர்த்துக்கவே மாட்டாங்க. ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க அதைப் பத்தித்தான் எழுதியிருக்கேன்." சற்று நிறுத்தினார். "நீங்க படிச்சிருப்பீங்களே?"

நான் படிக்கவில்லை. அவரிடம் அப்படியே சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். வாசல் வரை கூடவே போனேன். வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, நான்கு மணிக்குள் வாகன நிறுத்துமிடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.